மாப்பிள்ளையின் வாளி

வெயில் சாய்ந்து, லாட்ஜ் மாடிகளில் காயப்போட்ட துண்டுகள் படபடக்க ஆரம்பித்தால், மாப்பிள்ளை கிளம்பிவிட்டார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். தேசியப் பூங்காவின் கம்பிவேலி கடற்கரை மணலில் இறங்கி முடிகிற இடத்தில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி உண்டு. அதன் வழியே தலையைச் சாய்த்து, கொம்பு இடிக்காமல், நிதானமாக வருவார். கிளை கிளையான கொம்பும், மினுக்குகிற உடம்பும், யாரையும் சட்டை பண்ணாத நடையுமாக ஓர் ஆண் மான். வேளை தவறாமல் வந்து, வைத்ததைத் தின்று, நன்றியாக ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போவதால் கடைசி லாட்ஜின் சமையல்காரர் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

ஊருக்கு வருகிறவர்கள் பூங்காவுக்காகத்தான் வந்தார்கள். டிக்கெட் வாங்கி, தொப்பி போட்டுக்கொண்டு, விடிகாலையில் ஜீப்பில் ஏறி உள்ளே போவார்கள். மதியம் புழுதியோடு திரும்பும்போது ஒருத்தர் முகத்திலும் களை இருக்காது. ஒரு வாலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை ஆற்றத்தான் தெருக்காரர்கள் மாப்பிள்ளையைப் பழக்கினார்கள். உள்ளே அலைந்தும் பார்க்க முடியாததை லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். வேலியோரம் பூங்காக்காரர்கள் ஒரு பலகை நட்டிருந்தார்கள். விலங்குகளுக்கு உணவு கொடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருந்தது. மாப்பிள்ளை அந்தப் பலகையில்தான் கொம்பைச் சொறிந்துகொள்வார்.

மானைப் பழக்கியதில் ஒரு முறை இருந்தது. மிச்ச ரொட்டியையும் பழத்தோலையும் ஒரு மஞ்சள் வாளியில் போட்டு வாசலில் வைப்பார்கள். தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்றுதான் மஞ்சள். அந்த வாளியை வேறு எதற்கும் தொடக் கூடாது என்பது சமையலறைச் சட்டம். சாயங்காலம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன், தெரு வளைவில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். ஹாரன் கேட்டால் வேலிக்கு இந்தப் பக்கம் வரவேண்டும், மஞ்சள் தெரிந்தால் தலையை விடவேண்டும். மாப்பிள்ளை படித்த படிப்பு இவ்வளவுதான். அதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவளை எல்லாரும் ரூம் அக்கா என்றார்கள். ஹாரன் அடிக்கிற வேன்காரன் அவளுடைய புருஷன். அவள் வேலை முழுக்க மணலோடுதான். படுக்கை விரிப்பை உதறினால் மணல், குளியலறைக் குழியில் மணல், தலையணை உறைக்குள் மணல். கடற்கரையைப் பாதி வாரிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டிவிட்டு, 'ரூம் சுத்தமா இல்லையே' என்று புகார் செய்கிறவர்களுக்கும் சிரித்த முகத்தோடு துண்டு மாற்றிக் கொடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் படிகிற உப்பைத் தினமும் துடைப்பாள், மறுநாள் அது திரும்பவும் படிந்திருக்கும். எவ்வளவு அலுத்தாலும், மான் வருகிற நேரத்துக்கு மேலே ஏதாவது ஒரு ஜன்னலைத் துடைக்கிற மாதிரி நின்று பார்ப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் தன் பங்கு ரொட்டியில் பாதியையும் போடுவாள். பிடித்திருந்தது, போட்டாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மதியம் வந்திறங்கிய ஒரு குழந்தை, வளைவுப் பாதையில் வயிறு புரட்டி, லாட்ஜ் வாசல்படியில் வாந்தி எடுத்துவிட்டது. படி கழுவுகிற நீல வாளியின் பிடி காலையிலேயே கழன்று போயிருந்தது. "இன்னொரு வண்டி வருது, சீக்கிரம் கழுவு! வர்றவங்க மிதிச்சிட்டா மானம் போயிடும்!" என்று முதலாளி மேலே நின்று கத்தினார். கைக்குக் கிடைத்தது மஞ்சள் வாளி. அதில் தண்ணீர் பிடித்து, பினாயில் ஊற்றி, எடுத்துக்கொண்டு வந்தாள். மான் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஏறியிருந்தவர்கள் அவசரப்படுத்தியதால் அன்றைக்கு வேன் சீக்கிரமே திரும்பியது. வளைவில் திரும்பும்போது பழக்கதோஷத்தில் கை ஹாரனை இரண்டு தடவை அழுத்தியது.

மாப்பிள்ளை வந்தது, மஞ்சளைப் பார்த்தது, வாளிக்குள் மூஞ்சியை விட்டது.

"ஐயோ, குடிக்காதே! விஷம்! குடிக்காதே!" என்று கத்திக்கொண்டே அவள் வலது கையால் வாளியைப் பிடித்து இழுத்தாள். துடைப்பக் கட்டை இடது கையிலேயே இருந்தது. பினாயில் மூக்கில் ஏறி எரிந்த எரிச்சலில் மான் தலையை உதறியது. ஓர் உதறலில் அவள் கை எலும்பு முறிந்தது. இன்னோர் உதறலில் தொடை கிழிந்து, படியிலிருந்து உருண்டு விழுந்தாள். மான் வாளியைக் கொம்பில் மாட்டிக்கொண்டே வேலிப் பக்கம் ஓடிவிட்டது. அது பினாயிலைக் குடித்ததா என்றுதான் அவள் தரையில் கிடந்தபடி முதலில் கேட்டாள்.

இதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். சமையலறை ஜன்னலில் இருந்து சமையல்காரர் பார்த்தார், மாடியில் இருந்து முதலாளி பார்த்தார், வேனில் உட்கார்ந்து புருஷன் பார்த்தான். பார்க்காமல் படம் எடுத்தவர் ஒருத்தர், வேனில் வந்த சுற்றுலாக்காரர். அவர் போனை எடுத்துப் பிடிப்பதற்குள் முன்கதை முடிந்துவிட்டது. படத்தில் கையில் துடைப்பத்தோடு ஒரு பொம்பளை கத்துகிறாள், ஒரு மான் துடிக்கிறது. அவ்வளவுதான் விழுந்திருந்தது. மறுநாளே அது உலகம் பூராவும் சுற்றியது. அதற்கு ஒரு சோகப் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். சோகம் மானுக்கு. 'இவளை ஜெயிலில் போடணும்', 'இவள் கையை உடைத்தது போதாது' என்று முகம் தெரியாத ஜனங்கள் கீழே எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளே அதைப் படித்தாள். தொடையில் தையல் போட்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விசாரணை என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரிந்தது. சொன்னது சமையல்காரர். ஒரு பை நிறைய ரொட்டியோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த துணி மூட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"கை எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு. தூக்கத்தான் முடியலை."

"பூங்காவில இருந்து ரேஞ்சர் வர்றார். லாட்ஜிலதான் விசாரணையாம். உங்களைத்தான் முக்கியமா கேட்பார்."

"கேட்கட்டும். நடந்ததைச் சொல்றேன்."

சமையல்காரர் ரொட்டிப் பையின் வாயை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்குக்கா. நாங்க சாப்பாடு போட்டுப் பழக்கினோம்னு எழுதிட்டா, லாட்ஜுக்கு சீல் வெச்சுடுவாங்க. நம்ம லாட்ஜ் மட்டுமில்ல, தெருவுல எல்லாரும்தான் போட்டிருக்கோம். சீசன் நேரம் பாருங்க."

"சரி."

"மான் நல்லாத்தான் திரியுது. ஆனா அதுவா வந்து முட்டுச்சுன்னு எழுதினா, மனுஷனை முட்டுற மான்னு அதைச் சுட்டுடுவாங்க. பாவம் இல்லையா?"

"சரி. அப்புறம்?"

"அதனால… துடைப்பத்தால லேசா ஒரு தட்டு தட்டினேன், அதுல மிரண்டுடுச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா, எல்லாருக்கும் நல்லது. மானுக்கும் நல்லது. படத்திலயும் அப்படித்தான் தெரியுது."

"நான் தட்டினேனா அண்ணே?"

"இல்ல."

"நீங்க பார்த்தீங்களா?"

"ஜன்னல்ல நின்னு கண்ணால பார்த்தேன். நீங்க அதைக் காப்பாத்தத்தான் வாளியை இழுத்தீங்க."

"அதை ரேஞ்சர்கிட்ட சொல்லுவீங்களா?"

"பார்த்தது வேற, சொல்றது வேறக்கா" என்றார் சமையல்காரர். வெட்கமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னார். போகும்போது, "ரொட்டி இன்னைக்குச் சுட்டது, மெத்துன்னு இருக்கும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரொட்டியை அவள் தொடவில்லை. பசித்தது, ஆனாலும் தொடவில்லை.

அடுத்த நாள் முதலாளியே வந்தார். அந்தச் சந்துக்குள் அவர் கார் நுழையாது. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, சாக்கடையைத் தாண்டி நடந்து வந்ததற்கே அவள் நன்றியோடு இருக்க வேண்டும் என்கிற மாதிரி முகத்தை வைத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, கழற்றாமலே வந்தார். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படு, படு. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி நீ. ஒண்ணுக்கும் கவலைப்படாதே. கை சரியானதும் வழக்கம்போல வேலைக்கு வா."

"சரிங்க."

"சமையல்காரர் சொல்லியிருப்பார்."

"சொன்னார். நான் அடிக்கலைங்களே."

முதலாளி பெருமூச்சு விட்டார். சின்னக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் மாதிரி மெதுவாக ஆரம்பித்தார். "இங்க பாரு. மஞ்சள் வாளியை மாத்தி எடுத்தது யாரு? நீ. அதுல பினாயில் ஊத்தினது யாரு? நீ. அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? உன்னைக் காப்பாத்தணும்னுதானே வாயைத் திறக்காம இருக்கேன்? மானுக்கு விஷம் வெச்சாள்னு எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சியா? அதுக்கு இது எவ்வளவோ மேல். ஒரு தட்டு. ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுடுவாங்க. முடிஞ்சுது."

நீல வாளி உடைந்ததை அவளேதான் அன்றைக்குக் காலையில் இவரிடம் சொன்னாள். 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்றவர் இவர். சீக்கிரம் கழுவு என்று மாடியில் நின்று கத்தியவர் இவர். கத்தின வாய் இப்போது அவளைக் காப்பாற்றுகிறதாம். இதையெல்லாம் அவள் நாக்கு நுனி வரை கொண்டுவந்தாள். ஆனால் இத்தனை வருஷமாக அந்த முகத்துக்கு முன்னால் 'சரிங்க' என்று மட்டுமே பழகின நாக்கு, அன்றைக்கும் 'யோசிக்கறேங்க' என்றுதான் சொன்னது. அவர் போன பிறகு தரையில் இருந்த செருப்புத் தடத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பல்லைக் கடித்தாள். எழுந்து துடைக்கக்கூட முடியவில்லை.

அந்தத் தடத்தைத் துடைத்தவள் நாத்தனார், வேன்காரனுடைய அக்கா. கடற்கரை முனையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விற்கிறவள். வாய் நீளம், மனசும் அதே அளவுக்கு நீளம். தினமும் கடையை மூடிவிட்டு வந்து, மீனைப் பொரித்து, முள் எடுத்து ரொட்டிக்குள் வைத்து, தம்பி மனைவி கையில் திணிப்பாள். அன்றைக்கும் திணித்தாள்.

"அண்ணி, நீங்களும் அதையேதான் கேட்கப் போறீங்களா?"

"கேட்கத்தான் வந்தேன்" என்றாள் நாத்தனார். "சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. லாட்ஜை மூடினா என் தொப்பியை யாரு வாங்குவா? உன் புருஷன் வேனை எவன் வாடகைக்குக் கூப்பிடுவான்? அதனால கேட்கறேன். ஆனா ஒண்ணு. நான் உன்கிட்ட கேட்கறது அநியாயம்னு எனக்குத் தெரியும். அவனுங்களுக்கு அதுகூடத் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். விலா வலித்தது.

"ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு முதலாளி சொன்னார்."

"எச்சரிக்கையா?" நாத்தனார் வாணலியைக் கீழே வைத்தாள். "விலங்கை அடிச்சவங்கன்னு எழுதினா போட்டோவைப் பூங்கா வாசல்ல ஒட்டுவாங்களே, நீ பார்த்ததில்லையா? வேலியோரம் இருக்கிற எந்த இடத்திலயும் வேலை கிடையாது. போன வருஷம் ஒரு ஐஸ்காரனை அப்படித்தான் துரத்தினாங்க. குரங்கு மேல கல் எறிஞ்சானாம். இந்த ஊர்ல வேலியோரம் இல்லாத லாட்ஜ் எது, சொல்லு?"

ரூம் அக்காவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. வழக்கம்போல வேலைக்கு வா என்றாரே. வரவே முடியாதபடி ஒரு வார்த்தையை அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, வேலையை விட்டு அனுப்பினேன் என்ற பழியும் தனக்கு வராமல், என்ன அழகாகப் பூசி மெழுகியிருக்கிறார்! பூங்கா வாசலில் தன் முகம் தொங்கும். கீழே, மானை அடித்தவள். போகிற வருகிறவர்கள் எல்லாம் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். தன் ரொட்டியில் பாதியை அவள் போட்டு வந்த மான் அது.

"அடிச்சிருந்தாகூடப் பரவாயில்லை அண்ணி" என்றாள். "நிஜமாவே அடிச்சிருந்தா, சரி, பட்டுக்கறேன்னு இருப்பேன். காப்பாத்தப் போனேன். அதைப் போய் எப்படி அடிச்சேன்னு சொல்லுவேன்?"

நாத்தனார் வாணலியைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, இரண்டாவது மீனைத் திருப்பிப் போட்டாள்.

புருஷன் கேட்பதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை. கை உடைந்ததிலிருந்து அவளுக்குத் தலைவாரி, பின்னல் போடுகிறவன் அவன்தான். முதல் நாள் போட்ட பின்னல் கயிறு முறுக்கின மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. 'வேன்ல டயர் கட்டற கைங்க' என்று அவள் கேலி செய்தாள். நாளாக ஆகக் கை பழகிவிட்டது. விசாரணை நாள் காலையில் பின்னிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னான்.

"ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"போட்டோ ஒட்டுவாங்களாம். தெரியுமா உங்களுக்கு?"

பின்னல் ஒரு கணம் நின்றது. தெரியும் என்று அந்த நிற்பே சொல்லிவிட்டது.

"வேற ஊருக்குப் போயிடலாம். எங்க போனாலும் வேன் ஓட்டலாம். முதலாளியே ரெண்டு பேர்கிட்ட சொல்லிவிடறேன்னிருக்கார்."

"ஓஹோ. அதுவரைக்கும் பேசியாச்சா?"

"உனக்காகத்தான்."

"எல்லாரும் எனக்காகத்தான் பேசறீங்க. என்கிட்ட மட்டும் யாரும் பேசலை." பிறகு அவளே தணிந்து சொன்னாள்: "இங்க பாருங்க. ஹாரனைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். உங்களை இதுல இழுக்க மாட்டேன். உங்க வேனுக்கு ஒண்ணும் வராது. சத்தியமா. ஆனா மத்ததை உள்ளபடி சொல்லுவேன். நீங்க எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம். எதிரா எதுவும் சொல்லாம இருந்தா போதும்."

"சரி" என்றான். ரப்பரை இரண்டு சுற்றுக்குப் பதிலாக மூன்று சுற்றுப் போட்டு முடிந்தான்.

விசாரணை லாட்ஜின் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. மேஜைகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். கடல் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. கண்ணாடியில் உப்புப் படிந்து வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. அவள் வராத நாட்களில் ஒருத்தரும் தொடவில்லை. ரேஞ்சர் வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து, காகிதங்கள் பறக்காமல் இருக்கத் தன் தொப்பியை மேலே வைத்திருந்தார். முதலாளி அவருக்கு டீ வரவழைத்தார், பிஸ்கட் வரவழைத்தார், இன்னொரு டீ வரவழைத்தார். தெருக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். நாத்தனார் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். ரூம் அக்காவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள், குற்றவாளிக்குப் போடுகிற மாதிரி தனியாக.

முதலில் சமையல்காரரைக் கேட்டார்கள்.

"நான் அப்போ உள்ளே வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன் சார். கண்ணு ஒண்ணும் தெரியலை."

அடுத்து முதலாளி. எழுந்து நின்று, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, சிரித்த முகத்தோடு சொன்னார்: "எங்க தெருவுல மாப்பிள்ளை வந்தா எல்லாரும் பயபக்தியா ஒதுங்கி நிப்போம் சார். இந்த அம்மா ஒருத்திதான் துடைப்பத்தோட வரவேற்பு கொடுத்திருக்கு!"

கூடம் சிரித்தது. தெருக்காரர்கள் சிரித்தார்கள், சமையல்காரர் சிரித்தார், ரேஞ்சர்கூட டீக்கோப்பைக்குள் சிரித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த புருஷனும் சிரித்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்று சிரிக்கவில்லை. முதலாளி ஜோக் அடித்தால் சிரிக்கிற பழக்கம், ஹாரன் அடிக்கிற மாதிரிதான். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் சிரிப்பு அவன் முகத்திலேயே எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ரேஞ்சர். "துடைப்பத்தால அடிச்சீங்களா?"

"இல்ல சார்."

சுவரோரம் ஒரு சலசலப்பு ஓடியது.

"நான் சொல்றதை அப்படியே எழுதுவீங்களா?"

"எழுதத்தானே வந்திருக்கேன்."

"முதல்ல என்னைப் பத்தி எழுதுங்க. நானும் அந்த மானுக்கு ரொட்டி போட்டிருக்கேன். தப்புன்னு பலகையில எழுதியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியும், தெரிஞ்சுதான் போட்டேன். மஞ்சள் வாளி அதோட வாளி. அதை மாத்தி எடுத்தது நான்தான். நீல வாளி உடைஞ்சிருந்தது, அதைக் காலையிலயே முதலாளிகிட்ட சொன்னேன். பினாயிலைக் குடிச்சுச் செத்துடுமேன்னு வாளியை இழுத்தேன். அதுல கை உடைஞ்சுது. இதை அண்ணன் ஜன்னல்ல நின்னு பார்த்தார். முதலாளி மாடியில நின்னு பார்த்தார்."

"எனக்கு அது… வெங்காயம்…" என்றார் சமையல்காரர். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

முதலாளி எழுந்தார். "சார், வலியில ஏதேதோ உளறுது. ஏன் சார், மான் வர்ற நேரமா அது? அந்த நேரத்துல அது எப்படி சார் வந்திருக்கும்? இந்த அம்மாதான் ஏதோ பண்ணிக் கூப்பிட்டிருக்கு, அதான் வந்திருக்கு."

ரேஞ்சர் அவளைப் பார்த்தார். "அதுவும் நியாயமான கேள்விதான். நேரம் ஆகலைன்னா ஏன் வந்துச்சு?"

அவள் சத்தியம் பண்ணியிருந்தாள். அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய் மாதிரி நிற்கும். புருஷனைப் பார்த்தாள். காரணம் அவனுக்குத் தெரியும், அவன் பிழைப்பு அவள் நாக்கில் இருப்பதும் தெரியும். 'நான்தான் சார் ஹாரன் அடிச்சேன்' என்று அவன் சொல்வதற்கு அவள் நேரம் கொடுத்தாள். நல்ல நேரம் கொடுத்தாள். ஜன்னல் கதவு காற்றில் இரண்டு தடவை அடித்துக்கொண்டது. அவன் தரையைப் பார்த்தான்.

"ஹாரன் சார்" என்றாள். "வளைவில ரெண்டு தடவை ஹாரன் அடிச்சா அது வரும். அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கு. அன்னைக்கும் ஹாரன் கேட்டு வந்துச்சு. அடிச்சது என் புருஷன்."

கூடத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. "அடிப்பாவி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "யாருடா அது?" என்று நாத்தனார் திரும்பிப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"இன்னும் இருக்கு சார். உங்க ஆபீசுக்கு விருந்தாளிங்க வந்தா அவங்களையும் மானைக் காட்ட இங்கதான் கூட்டிட்டு வருவீங்க. முன்வரிசை நாற்காலியைத் துடைச்சுப் போட்டது நான்தான். அதுல ஒரு அம்மா மானுக்கு பிஸ்கட் கொடுத்தாங்க, நீங்க பக்கத்துல நின்னு, மெதுவா கொடுங்க, கடிக்காதுன்னு சொன்னீங்க. அதையும் எழுதுங்க."

ரேஞ்சரின் பேனா நின்றது.

"அது இந்த விசாரணைக்குத் தேவை இல்லம்மா."

"என் கை உடைஞ்சதுக்கு எது தேவை, எது தேவை இல்லைன்னு நீங்களே பொறுக்கி எடுத்தா, அது நான் சொன்னது ஆகாது சார். என்னை மட்டும் எழுதணும்னா நீங்க விசாரணைக்கே வந்திருக்க வேண்டாம். வீடியோவைப் பார்த்தே எழுதியிருக்கலாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ரேஞ்சர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி டீக்கோப்பையைப் பார்த்தார். பேனா மறுபடியும் ஓட ஆரம்பித்தது. எழுதினதை அவர் படித்துக் காட்டினார். நாற்காலியும் பிஸ்கட்டும் அதில் இருந்தன, ஹாரனும் இருந்தது.

"கையெழுத்து வேணுமே" என்றார் ரேஞ்சர், அவள் வலது கைக் கட்டைப் பார்த்து. அவர் குரலில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது. "கை ஆறட்டும். அப்புறமா ஒரு நாள் ஆபீசுக்கு வந்து…"

"அதான் சார் சரி" என்று முதலாளி அவசரமாக எழுந்தார். "பாவம், வலியோட இருக்கு. ஆற அமர வரட்டும்." சுவரோரம் நின்றவர்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"இடது கை நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். "பெருவிரல் வெக்கறேன். மை கொடுங்க."

மேஜை வரை நொண்டி நொண்டி நடந்து போனாள். தொடைத் தையல் சுருக்கென்று இழுத்தது. ரேஞ்சர் வேறு வழியில்லாமல் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வைத்தார். காகிதத்தின் மேலிருந்த தொப்பியை எடுத்ததும் கடல் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. ஒற்றைக் கையால் அதைப் பிடித்துக்கொண்டே விரலை வைக்க முடியாது. அவள் சுற்றிலும் பார்த்தாள். சமையல்காரர் ஜன்னலைப் பார்த்தார். ரேஞ்சர் தன் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். நாத்தனார் ஓர் அடி முன்னால் வைத்தாள். வேண்டாம் என்று அவள் தலையை அசைத்தாள்.

"இங்க வா" என்றாள் புருஷனிடம். "வந்து பேப்பரைப் பிடி."

அவன் வந்தான். முதலாளியின் பக்கத்தைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. இரண்டு கையாலும் காகிதத்தை மேஜையோடு அழுத்திப் பிடித்தான். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹாரன் என்று எழுதியிருந்த வரி அவன் விரலுக்கு அடியில் இருந்தது.

"விரலை நகர்த்து" என்றாள். "எழுத்து மறையுது."

அவன் நகர்த்தினான். அவள் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்து அழுத்தினாள்.